கக்கூஸ் எம்.எல்.ஏ.

இந்த ஊரில் என்னை இன்னும் கக்கூஸ் எம்.எல்.ஏ. என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்வது குறைவு. பஸ் ஸ்டாண்டில் நான் கடந்து போன பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முதலில் கேட்காதது போல நடந்தேன். பிறகு ஒருநாள் திரும்பி நின்று, "முன்னாள்னு சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. இப்ப இருக்கவருக்கு கோவம் வந்துரும்லா" என்றேன். சொன்னவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பாவமாக இருந்தது.

அந்தப் பெயரை வைத்தவர்கள் நான் வெட்கப்பட வேண்டும் என்றுதான் வைத்தார்கள். நான் வெட்கப்படவில்லை. அது எப்படி என்று சொல்கிறேன்.

என் அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்ததால் எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவோம். ஆனால் கட்சியில் எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். காரணம் ரொம்பச் சாதாரணம். நான் ஒரு சின்ன தனியார் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு டீச்சர். பகல் முழுக்கக் கத்திவிட்டு மாலையில் கட்சிக் கூட்டத்துக்குப் போனால் தொண்டையில் குரலே இருக்காது. மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். கை தட்டச் சொன்னால் தட்டுவேன். ஒரு தடவை வார்டு கவுன்சிலராக இருந்தபோதும் நகராட்சிக் கூட்டத்தில் அதிகம் பேசியதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் நேரே போய் ஆளைக் கூட்டிவந்து எரிய வைப்பேன். அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

எங்களுடையது தனித் தொகுதி. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள்தான் போட்டியிட முடியும். ஆனால் அந்த வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. எங்கள் கட்சியில் அந்த இடத்தில் ஒரு மாவட்டச் செயலாளர் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எப்போதும் வெற்றிலை. அவர் போன் போட்டால் சென்னையில் எடுப்பார்கள். அவரை எதிர்த்து ஒரு கிளைச் செயலாளர்கூட இருமியதில்லை. எனக்கு முந்தின தடவை அவர் நிறுத்திய ஆள் ஜெயித்ததும் கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பார்த்தாராம். அடுத்த தேர்தலில் அந்த ஆளைக் காணவில்லை.

சென்னையில் வேட்பாளர் நேர்காணல் முடிந்து நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை. உள்ளே செயலாளர் சொன்னது கேட்டது.

"இந்தப் பிள்ளயவே போட்ருவோம். படிச்ச பிள்ள. வாய் கிடையாது. சொன்ன எடத்துல கையெழுத்துப் போடும்."

அன்று எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. எனக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தாள். ரயிலில் திரும்பி வரும்போது நான் அழுதிருக்க வேண்டும் என்று இதைக் கேட்டவர்கள் நினைக்கிறார்கள். அழவில்லை. சீட்டு கிடைத்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் நினைப்பது அவர் பாடு, என் வாய் என்னிடம்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சட்டமன்றத் தேர்தலில் நான் செய்த ஒரே வேலை கும்பிடுவது. திறந்த ஜீப்பில் நான் முன்னால் நிற்பேன். பக்கத்தில் செயலாளர் மைக்கோடு நிற்பார். "உங்க வீட்டுப் பிள்ள வந்திருக்கு" என்பார். நான் கும்பிடுவேன். எலுமிச்சை மார்க்கெட்டுக்குள் ஜீப் நுழைந்தபோது ஒரு வியாபாரி என்னைப் பார்த்து, "ஏம்மா, நீங்க ஜெயிச்சா இங்கன ஒரு குளிர்பதனக் கிடங்கு கொண்டு வருவீயளா?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர், "எல்லாம் வரும், எல்லாம் வரும்" என்று சொல்லி ஜீப்பை நகர்த்தச் சொல்லிவிட்டார். அந்த வியாபாரி செயலாளரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் எங்கள் ஊர்க் காய்கறிச் சந்தை. அங்கே ஜீப் போகாது, இறங்கி நடந்தோம். செயலாளர் கடைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து அருகில் உட்கார வைத்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி. முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து, சாயங்காலம் சரக்கு தீர்ந்த பிறகு போகிறவள். அவள் பேத்தி என்னிடம் முதல் வகுப்பு படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"டீச்சர், ஓட்டு ஒனக்குத்தான் போடுதேன். ஆனா ஒண்ணு கேக்கேன். விடியக்காலம் வந்து இங்கன உக்காருதோம். பொழுது சாய எந்திரிக்கோம். அதுவரைக்கும் ஒதுங்க ஒரு எடம் இல்ல. ஆம்பளைங்க செவத்தப் பாத்து நின்னுருதானுவ. நாங்க எங்க போவ? அதுக்காவவே தண்ணி குடிக்காம கெடக்கோம். பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. இத யார்ட்ட சொல்ல? ஓட்டுக் கேக்க வார ஆம்பளைங்ககிட்டயா சொல்லுவோம்?"

நான் அவள் கையைப் பிடித்து, "கட்டித் தாரேன்க்கா" என்றேன். அந்தத் தேர்தலில் என் வாயால் நானாகச் சொன்ன ஒரே வாக்குறுதி அதுதான்.

ஜெயித்தேன். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

பதவி ஏற்றுவிட்டு வந்ததும் என் லெட்டர் பேடைத் தேடினேன். எம்.எல்.ஏ. என்று என் பெயர் அச்சிட்ட தாள். ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. கேட்டபோது, இரண்டும் செயலாளர் வீட்டில் இருக்கிறது என்றார்கள். முன்பு இருந்தவருக்கும் அங்கேதான் இருந்ததாம். சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்பவர்கள் அவர் வீட்டுக்குப் போவார்கள், அவர் எழுதுவார், மாலையில் கட்டாகக் கொண்டுவந்து என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு வாரம் அப்படித்தான் நடந்தது. யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படிக்க ஆரம்பித்தபோது, கொண்டுவந்த ஆள் வாசலிலேயே அவசரப்பட்டான். "அண்ணாச்சி காத்திருக்காவ மேடம். எல்லாம் அவிய பாத்துட்டாவ."

நான் மதுரைக்குப் போய்ப் புதிதாக லெட்டர் பேடு அடித்தேன். நிறத்தை மாற்றி, இளம்பச்சையில் அடித்தேன். கலெக்டர் அலுவலகத்துக்கு நேரே போய், பச்சைத் தாளில் வருவது மட்டும்தான் நான் எழுதியது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செயலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். அன்றைக்கு வார ஓய்வு. கைலியோடு முன்னறையில் இருந்தார். செயலாளரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செயலாளர் உட்காரவில்லை.

"என்ன பிள்ள, புதுசா பேடு அடிச்சியாமே."

"ஆமா அண்ணாச்சி. பழசு உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"ஏன், எங்க வீட்டுல இருந்தா என்ன? நான் என்ன தப்பாவா எழுதிட்டேன்?"

"நீங்க சரியா எழுதுனாலும் அதுல என் பேருல்லா இருக்கு. அப்புறம் இன்னொண்ணு அண்ணாச்சி. வீட்டுல பிள்ளன்னு கூப்பிடுங்க, பரவால்ல. ஆபீஸர்மாரு முன்னால எம்.எல்.ஏ.ன்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய்விட்டார். செயலாளர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "சரிங்க எம்.எல்.ஏ." என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சட்டமன்றத்தில் முதல் வருடம் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆளுங்கட்சியில் பின்வரிசை. அடுத்த வருடம் நகராட்சித் துறை மானியக் கோரிக்கையில் சில நிமிடம் கொடுத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று செயலாளர் ஒருவரை வைத்து எழுதி அனுப்பியிருந்தார். தலைமைக்கு நன்றி, தலைமைக்கு வாழ்த்து, தலைமைக்கு வணக்கம். கடைசியில் ஊருக்கு ஒரு ரவுண்டானா வேண்டும். அந்தத் தாளைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தேன். நன்றி சொன்னேன். அது மரியாதை. அதற்குப் பிறகு சந்தையைப் பற்றிப் பேசினேன்.

விடிகாலையில் வந்து உட்காரும் பெண்கள் மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று சொன்னேன். சிறுநீர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. பிறகு இன்னொன்று. எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது. "வேற நல்ல விஷயம் பேசலாமே அம்மா" என்று ஒரு குரல். பேசுவதை நிறுத்தினேன். என் முதல் வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். சிரித்து முடிக்கும் வரை பேசாமல் நின்றேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். "நான் முதல் நாள் இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, பெண் உறுப்பினர்களுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே இருக்கிற எல்லாச் சகோதரிகளும் கேட்டிருப்பார்கள். எங்களுக்கு இருக்கிற உடம்புதான் சந்தையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இருக்கிறது. எங்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டுமென்றால் அவர்களுக்கும் வேண்டும்."

எதிர்வரிசையில் இருந்த ஒரு பெண் உறுப்பினர் மேசையைத் தட்டினார். அவர் எங்களுக்கு எதிரிக் கட்சி. அவர் தட்டியதும் எங்கள் பக்கமும் இரண்டு பெண்கள் தட்டினார்கள். அமைச்சர் எழுந்து, உறுப்பினர் தன் தொகுதி நிதியிலிருந்து பரிந்துரைத்தால் உடனே செய்து தரப்படும் என்றார். அது போதும் எனக்கு.

மறுநாளே ஊரில் பேர் வந்துவிட்டது. என் போட்டோவை ஒரு கக்கூஸ் பீங்கானுக்குப் பக்கத்தில் ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். எங்கள் கட்சிக் குழுவிலேயே அது வந்தது. டிப்போவில் என் வீட்டுக்காரரை, "என்னவே, ஒம்ம வீட்டம்மா சட்டசபையில எல்லாத்துக்கும் வயித்தக் கலக்கிட்டாவளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஒனக்குப் பேச வேற ஒண்ணுமே கெடைக்கலையாட்டி? ரோடு இருக்கு, குளம் இருக்கு. இதப் போயி..."

"நீங்க டூட்டிக்குப் போனா எங்க போவீய?"

"டிப்போல இருக்குல்லா."

"அது இல்லாத நாள் ஒண்ணு நெனச்சுப் பாருங்க. ஒரே ஒரு நாள்."

அவர் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "எங்க அம்மையும் காட்டு வேலைக்குப் போனவதான்" என்றார்.

சந்தைக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. பொது இடம். அங்கேதான் கட்ட வேண்டும் என்று பச்சைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்று தெரியவந்தது. அந்த மனையில் கடைகள் கட்டி, தன் ஆட்கள் பெயரில் ஏலம் எடுக்க வேண்டும் என்று செயலாளர் ரொம்ப நாளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார். போனேன். சுற்றிலும் நிர்வாகிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கக்கூஸ் கட்டு, வேண்டாங்கல. கொஞ்சம் தள்ளிக் கட்டு."

"தள்ளின்னா எங்க அண்ணாச்சி?"

"சுடுகாட்டுப் பாதைல எடம் கெடக்குல்லா."

"காய்க்காரி கடைய விட்டுட்டு சுடுகாடு வரைக்கும் நடந்து போயிட்டு வருவாளா? அதுக்குள்ள அவ கூறு என்ன ஆகும்?"

"உனக்கு சீட்டு வாங்கிக் குடுத்தது யாருன்னு மறந்து போச்சா?"

சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"மறக்கல அண்ணாச்சி. சீட்டு நீங்க வாங்கிக் குடுத்தீய. ஓட்டு அவிய போட்டாவ. நான் அவியளுக்குத்தான் வாக்குக் குடுத்திருக்கேன்."

வெளியே வந்தபோது ஒரு நிர்வாகி பின்னாலேயே வந்து, "ஒங்க நல்லதுக்குச் சொல்லுதேன், வளைஞ்சு போங்க" என்றார். நல்ல மனிதர். அவருக்கும் என் சாதிதான். அவர் இத்தனை வருடம் வளைந்து என்ன ஆனார் என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

கட்டிடம் எழும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மணல் வரவில்லை என்றார்கள், ஒப்பந்தக்காரர் ஓடிப்போனார், இன்னொருவர் வந்தார். ஒவ்வொரு வாரமும் சந்தை நாளில் போய் அங்கேயே நிற்பேன். திறப்பு விழாவுக்குக் கட்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. வெண்டைக்காய்க்கார அக்காதான் ரிப்பன் வெட்டினாள். வெட்டிவிட்டு, கூடியிருந்த அதிகாரிகளைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு சந்தை முழுக்கக் கேட்டது. நானும் சிரித்தேன். என் அரசியல் வாழ்க்கையில் அதைவிட நல்ல விழா ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். "டீச்சர், பூட்டிட்டானுவ."

போய்ப் பார்த்தேன். பெரிய பித்தளைப் பூட்டு. யார் பூட்டியது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். சாவி கேட்டு ஒரு இடத்துக்கும் போகப் போவதில்லை என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"பூட்டு உடைக்க ஏதாவது வேணும். என்ன இருக்கு உங்ககிட்ட?"

"நீ உடைக்காண்டாம். காலுல போட்டுக்கிருவ. நான் வாரேன்" என்றார். தன் சொந்தப் பையில் இருந்து ஒரு சின்னக் கடப்பாரையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, டிப்போவில் அனுமதி கேட்டுவிட்டு சைக்கிளில் வந்தார். காக்கிச் சட்டை முழுக்க கிரீஸ். ஆனாலும் முதல் அடி நான்தான் அடித்தேன். அது என் கையால் நடக்க வேண்டும் என்று தோன்றியது. பூட்டு அசையவில்லை. அவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கொண்டி பெயர்ந்து வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

கூட்டத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்தார். இளைஞர். "மேடம், பொதுச் சொத்து..." என்று இழுத்தார்.

"தம்பி, பொதுச் சொத்ததான் தொறந்து விட்டிருக்கேன். பூட்டுனவங்க யாருன்னு விசாரிங்க. இல்ல, என் மேல கேஸ் போடணும்னா இப்பவே போடுங்க. சிட்டிங் எம்.எல்.ஏ. கக்கூஸ் பூட்ட உடைச்சான்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் அங்கே பூட்டுப் போடவில்லை. பெண்களே முறை வைத்துக் கழுவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தேர்தலுக்குக் கட்சிப் பட்டியல் வந்தபோது டீவியில் பார்த்தேன். என் பெயர் இல்லை. செயலாளரின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் பெயர் இருந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் அன்று மாலையே எனக்குப் போன் செய்து, "நான் கேக்கல டீச்சர், நில்லுன்னாவ" என்றார். "நல்லா நில்லுங்க" என்றேன். "நானும் நிக்கேன்" என்றும் சொன்னேன்.

சுயேச்சையாக மனு போட்டேன். எனக்குக் கிடைத்த சின்னம் வாளி. நான் கேட்டது தையல் இயந்திரம். இன்னொருவரும் அதையே கேட்டதால் குலுக்கல் போட்டார்கள், எனக்கு விழவில்லை. மிச்சம் இருந்ததில் வாளி வந்தது. அதைக் கேட்டதும் அந்த அறையில் இருந்த மற்ற வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கக்கூஸ் எம்.எல்.ஏ.வுக்கு வாளி. எனக்கே சிரிப்பு வந்தது. சின்னம் மக்கள் மனதில் பதிய வைக்க எல்லோரும் எவ்வளவோ பாடுபடுவார்கள். எனக்கு அதை எதிரிகளே செய்து கொடுத்துவிட்டார்கள்.

ஜீப் இல்லை. ஒரு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போனேன். இந்த முறை மைக் என் கையில் இருந்தது. சந்தை முடிந்த பிறகு காய்க்காரப் பெண்கள் தங்கள் ஊர்களுக்குப் போகிற பஸ்ஸிலேயே எனக்கு ஓட்டுக் கேட்டார்கள். "ஆமா, நான் கக்கூஸ் கட்டுனவதான். வேற யாரு என்ன கட்டுனாங்கன்னு கேளுங்க" என்று எல்லாத் தெருவிலும் சொன்னேன். சில தெருக்களில் ஆட்டோவை உள்ளே விடவில்லை. ஜீப்பில் செயலாளர் பக்கத்தில் நின்றபோது ஆரத்தி எடுத்த தெருக்கள்தான் அவை. அங்கெல்லாம் முக்கில் நின்று பேசினேன். ஸ்பீக்கர் சத்தத்துக்கு முக்கு போதும்.

தோற்றேன். டெபாசிட்டும் போனது. வாக்கு எண்ணிக்கை நடந்த கல்லூரியிலிருந்து வெளியே வரும்போது ஒரு நிருபர் மைக்கை நீட்டினார்.

"உங்களாலதான் உங்க பழைய கட்சி கொஞ்ச ஓட்டுல தோத்துப்போச்சுன்னு சொல்லுதாங்களே?"

"ஆமா" என்றேன்.

அவர் நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருந்தார். நானே சொன்னேன். "என் ஓட்டு இல்லாம ஜெயிக்க முடியாதுன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும்லா. முன்னாலயே தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்து மறுநாள் முழுக்கப் படுத்திருந்தேன். இதையும் சொல்ல வேண்டும். வெளியே வீராப்பாகப் பேசிவிட்டு வந்தவளுக்கு உள்ளே எழுந்து பல் விளக்கக்கூட மனமில்லை. சொந்தத் தெருவிலேயே எனக்கு நிறைய ஓட்டு விழவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். என் மகள் நெல்லையிலிருந்து வந்திருந்தாள். ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. பிரியாணி வாங்கி வந்து இலையைப் பிரித்து வைத்து, "ஆறுறதுக்குள்ள சாப்பிடும்மா. தோத்தவங்களுக்கும் பசிக்கும்லா" என்றாள். எழுந்து சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

பழைய பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அரசியல் ஆள் வேண்டாம் என்றார்கள். வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்தேன். எனக்கு ஓட்டுப் போடாத வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

இப்போது மறுபடியும் தேர்தல். சில வாரங்களுக்கு முன் செயலாளர் வந்தார். முன்பைவிட நடை தளர்ந்திருந்தது. இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். கட்சிக்குத் திரும்பி வந்துவிடு, வாரியப் பதவி ஒன்று பேசி வாங்கித் தருகிறேன், இந்த முறை பிரசாரத்துக்கு மட்டும் கூட வா என்றார். காய்க்காரப் பெண்களின் ஓட்டு அவருக்கு வேண்டும்.

"வேட்பாளர் யாரு அண்ணாச்சி?"

"அத மேல பாத்துக்கிருவாங்க."

"மேலன்னா நீங்கதான. வேட்பாளர முடிவு பண்ணுத கமிட்டியில எங்க ஆளு எத்தன பேரு இருக்கோம்?"

அவர் வெற்றிலையை மென்றார். "நீ மாறவே இல்ல பிள்ள" என்றார்.

"நீங்களும்தான் மாறல அண்ணாச்சி. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் மனு போட்டேன்.

நேற்று மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போயிருந்தோம். கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை பார்க்கும் பெண்கள் வெயிலுக்கு வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். தூக்குவாளியில் இருந்து கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். தலைக்குத் துண்டு கட்டியிருந்த ஒருத்தி என் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"போன தடவ தோத்தியல்லா?"

"ஆமா."

"இந்தத் தடவ ஜெயிச்சிருவியளா?"

"தெரியாதும்மா. கஷ்டந்தான்."

"பொறவு எதுக்கு வெயில்ல அலையுதீய? பேசாம வீட்டுல இருக்கலாம்லா?"

"பேசாம இருக்கச் சொல்லுதாங்கல்லா, அதுக்குத்தான்" என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. "எங்க சூப்பர்வைசரும் அதத்தான் சொல்லுதான்" என்றாள். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டிய மண்ணை அளந்து கூலியைக் குறைப்பதைப் பற்றி, வேலை நடக்கிற இடத்தில் பிள்ளையைப் படுக்க வைக்க ஒரு தட்டிப் பந்தல்கூட இல்லாததைப் பற்றி. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி ஆரம்பித்தாள். யாரும் எனக்கு ஓட்டுப் போடுவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன். ஆட்டோக்காரத் தம்பி இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தான். இதையெல்லாம் சொல்ல நாளைக்கே வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு என்னோடு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். துண்டு கட்டியிருந்தவள்தான் முதலில் கையைத் தூக்கினாள்.